உடலோம்பலும் ஊழும்

நோயுற்றாரைக் காணச் செல்வோர் வாயில் இருவகைச் சொற்கள் பிறத்தல் நம் நாட்டு வழக்கு. 'எல்லாம் ஊழ்வினை, நம்மால் ஆவது யாது?' என்பது ஒன்று. 'வாயைக் கட்டியிருந்தால் இந்நோய் வந்திருக்குமா?' என்பது மற்றொன்று. முன்னது நோயின் பொறுப்பு முழுவதையும் ஊழின்மேல் ஏற்றுகின்றது. பின்னது அதனை நோயாளியின் தலைமேல் ஏற்றுகின்றது. ஒருவரே தமக்கு நோய் வந்துழி முன்னதையும், பிறர்க்கு வந்துழிப் பின்னதையும் கூறக் காண்கின்றோம். இவற்றுள் எது சைவ சித்தாந்தத்தோடு பொருந்துவது? இரண்டும் பொருந்தாவெனின், பொருந்துவது யாது? இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. நாம் உண்பதும், உறங்குவதும், நோயுற்ற உடன்பிறந்தாரிடம் பேசுவதும் இவ்வினாவுக்கு நாம் கொள்ளும் விடையைப் பற்றியே நிற்கின்றன.

புதுவை மக்களுக்கு இவ்வினா இன்று மிக அணுக்கமானது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, 2008 முதல் 2020 வரை, 20 வயதும் அதற்கு மேலும் உடையாராகிய 1,13,043 பேரை நாடெங்கும் ஆராய்ந்து, முடிவுகளை 2023ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன்படி இந்தியா முழுமைக்கும் நீரிழிவுடையோர் நூற்றுக்கு 11.4 பேர். புதுச்சேரியிலோ அத்தொகை 26.3. கோவா ஒன்றே 26.4 எனச் சிறிது விஞ்சி நிற்கின்றது. வளர்ந்தோர் நால்வரை நிறுத்தினால் அவருள் ஒருவர் நீரிழிவுடையர் என்பது இதன் பொருள். இத்துணைக்கும் புதுவை மருத்துவ வசதி குன்றிய ஊரன்று. 1823இல் பிரெஞ்சு ஆட்சியினர் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினர். அதன் வழிவந்ததே 1964 முதல் ஜிப்மர் என்னும் பெயரோடு கோரிமேட்டில் விளங்கும் பெருமருத்துவ நிலையம். தொலைவூர்களிலிருந்தும் மக்கள் நோய் தீர்வான் வேண்டி அங்கு வந்து குழுமுகின்றனர். மருத்துவர் மிகுந்த ஊரிலும் நோய் மிகுதல் காண்டலின், நோய் ஆற்றும் இடம் மருத்துவமனையாயினும், நோய் விளையும் இடம் நம் அடுக்களையும் தெருவும் தொழிற்சாலையும் படுக்கையுமே என்பது பெறப்படும்.

பழக்கம் நோயாகும் முறை இஃதென்பதைச் சுருங்கக் கூறுவாம். இருதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் முறை துடிக்கின்றது. மூளை உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயாயினும், உடல் கொள்ளும் உயிர்வளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தான் கொள்கின்றது. இவ்விரண்டும் வேறு வேறு உறுப்புக்கள்போலத் தோன்றினும், குருதி நாளங்களாற் பிணைப்புண்டு ஒன்றன் கேட்டில் மற்றொன்றும் கெடுவன. நாளங்களின் உட்புறத்தே மிக மெல்லிய ஒரு தோல் போர்த்துள்ளது. குருதியில் அளவிறந்த சர்க்கரை, மிகை உப்பினாலும் பருமனாலும் உயர்ந்த அழுத்தம், புகையிலையின் நஞ்சு ஆகிய இவை அத்தோலை நாடோறும் சிறிது சிறிதாகப் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தே கொழுப்புப் படிந்து நாளம் தடிக்கின்றது. ஒரு நாள் அப்படிவு வெடித்து அங்குக் குருதி உறையுமாயின், அஃது இருதயத்திலாயின் மாரடைப்பு, மூளையிலாயின் பக்கவாதம். அவ்வாறு பேரிடர் நேராவிடத்தும், மூளையின் நுண்ணிய நாளங்கள் மெல்ல மெல்லக் கெட, முதுமையில் நினைவும் தெளிவும் தேய்தல் உண்டு.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. உயர்ந்த குருதியழுத்தம் பல்லாண்டுகள் யாதொரு நோவும் காட்டாது உடன் வாழ்கின்றது. நீரிழிவும் தொடக்கத்தில் அத்தன்மையதே. செய்தவன் மறந்துவிட்ட பின்னரும் செயல் அவனை மறவாது நிற்றலை நாம் கன்மம் என்னும் பெயரால் நூல்களிற் படிக்கின்றோம். முன்னைப் பிறவிகளின் வினை நம் கண்ணுக்குப் புலனாவதன்று. ஆனால் வித்தும் விளைவும் ஒரே பிறவியில், ஒரே உடம்பில், நம் கண்முன்னரே காணக் கிடப்பது இப்பழக்கத்தின் பயன். 2004ஆம் ஆண்டில் 52 நாடுகளின் மக்களை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வொன்று, முதன்முறை வரும் மாரடைப்புக்குரிய ஏதுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்பது காரணங்களுள் அடங்கும் எனக் கண்டது. புகைத்தல், கொழுப்பின் கேடு, குருதியழுத்தம், நீரிழிவு, தொந்தி, மனவழுத்தம், காய்கனி குறைதல், உடலுழைப்பின்மை முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றிற் பெரும்பாலன நாம் நாடோறும் செய்வனவற்றோடும் செய்யாது விடுவனவற்றோடும் தொடர்புடையன.

இனி ஒருவர் கடாவலாம்: 'பிராரத்தம் நுகர்ந்தே கழிக்கற்பாலது என்பது சித்தாந்தத் துணிபு. இன்னார்க்கு இந்நோய் என இறைவன் கூட்டுவித்தானாயின், நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் அதனை மாற்றுமோ? மாற்றுமெனின் ஊழ் பொய்யாம். மாற்றாதெனின் முயற்சி வீணாம்' என்று.

இதற்கு விடை கூறுதும். பிராரத்தம் நுகரப்படுவது என்பது உண்மை. ஆனால் எது பிராரத்தம், எது நாம் இன்று புதிதாக ஈட்டும் ஆகாமியம் என்பதை முன்னரே அறிந்து சொல்லவல்லார் யார்? அஃது இறைவன் ஒருவனுக்கே புலனாவது. நடந்து முடிந்ததன்பின் 'இஃது ஊழ்' என்று அமைதி கொள்ளுதல் வேறு. நடக்குமுன்னரே 'இஃது ஊழ்' என்று கையொடுங்கி இருத்தல் வேறு. முன்னது பணிவு, பின்னது அறியாததை அறிந்ததாகக் கொள்ளும் ஆணவத்தின் பாற்பட்டது. மேலும், ஊழ் தானே வந்து பயன் ஊட்டுவதன்று. உடல், கருவி, இடம், பொருள் ஆகியவற்றின் வாயிலாகவே ஊட்டும். முயற்சியும் அவ்வாயில்களுள் ஒன்று. பசி ஊழால் வந்ததெனின், அதனைத் தீர்க்கும் சோறு ஊழுக்குப் பகையாகாது. யாரும் பசிக்குச் சோறு தேடுதலை ஊழின்மேல் விட்டு வாளாவிருப்பதில்லை. நோய்க்குக் காப்புத் தேடுவதில் மட்டும் அவ்வாறு இருத்தல் தத்துவமன்று, சோம்பலே என்க.

ஆளுடைய பிள்ளையார் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது, அங்குப் பரவிய குளிர்சுரம் அடியார்களையும் பற்றிற்று. அது வினையால் வந்தது என்பதைப் பிள்ளையார் மறுத்தாரல்லர். 'இன்ன வினையால் இன்னது வந்தது' என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் நம்பாற் குறையாகும் என்னும் கருத்தோடு திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச் செய்தனர். வினைக்கொள்கையைக் கூறும் ஆசிரியரே வினையைக் காரணமாகக் காட்டி ஓய்ந்திருத்தலை விலக்கினார் என்பது நம்மனோர் மறக்கற்பாலதன்று.

வேறொரு தடையும் உண்டு. 'உடம்பு நிலையில்லாதது, மலபாண்டம், அதனைப் பேணுதல் பற்றை வளர்ப்பதன்றோ?' என்பர் சிலர். நிலையில்லாதது என்பது மெய்யே. ஆயினும் ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு, மாயையினின்று தநு கரணங்களை இறைவன் ஆக்கித் தந்தது அருளினாலேயாம். கதிரவன் தோன்றுமளவும் இருளில் வழிகாட்டும் விளக்குப் போல்வது உடம்பு என்பர் ஆன்றோர். விடிந்தபின் வேண்டாத விளக்காயினும், விடியுமுன் அதனை ஊதியணைப்பான் அறிவுடையான் ஆகான். முன்பு உடம்பை இழிவாக எண்ணியிருந்து, அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டிருத்தலைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூல நாயனாரும் அருளியுள்ளார். உடம்பை அழகுக்காகவும் இன்பத்துக்காகவும் பேணுதல் பற்று. இரவற்பொருளைக் கெடாமற் காத்தல் கடமை. உண்மையில், நாவின் சுவைக்கு அடங்கி உடம்பைக் கெடுப்பவனே உடற்பற்று மிக்கவன். அவன் உடம்பை வெறுத்தவன் அல்லன். உடம்பின் ஒரு சிறு விருப்புக்காக முழு உடம்பையும் விலைகொடுத்தவன்.

ஆகவே 'எல்லாம் ஊழ்' என்னும் முதற்சொல் நில்லாதாயிற்று. அற்றேல், 'எல்லாம் உன் பிழை' என்னும் மற்றைச் சொல் நிற்குமோ எனின், அதுவும் நில்லாது. இதனை ஓர் எண்ணால் விளக்கலாம்.

2006ஆம் ஆண்டில் சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் பிரிக்கப்பட்டு மூன்றாண்டுகள் கவனிக்கப்பட்டனர். அறிவுரை யாதும் சிறப்பாகப் பெறாத பகுதியாருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவைத் திருத்தி நாடோறும் நடக்கும்படி வழிகாட்டப்பெற்ற பகுதியாருள் நூற்றுக்கு 39 பேரே நீரிழிவுற்றனர். இவ்விரண்டு எண்களையும் ஒருங்குவைத்து நோக்குமின். நூற்றுக்குப் பதினாறு பேரை முயற்சி அம்மூன்றாண்டில் காத்தது. முயற்சி வீண் என்பார் வாய் இதனால் அடையும். ஆயின் வழிகாட்டப்பெற்றாருள்ளும் 39 பேர் நோய்வாய்ப்பட்டனர். நோயுற்றவன் முயலாதவனே என்பார் வாயும் இதனாலேயே அடைதல் வேண்டும்.

அம்முப்பத்தொன்பதின்மர்க்கு நோய் வந்தது எங்ஙனம்? தாய் தந்தையர் வழிவந்த உடலமைப்பு ஒரு காரணம். இந்தியர் மெலிந்த உடம்பினராயிருந்தும் வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து, பிற நாட்டாரினும் இளமையிலேயே நீரிழிவுறுதலை மருத்துவர் பலகாலும் கண்டுரைத்துள்ளனர். கருவிலே போதிய ஊட்டம் பெறாத மகவு பின்னாளில் இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் எளிதில் ஆளாதலும் அறியப்பட்டுள்ளது. தாய் வயிற்றில் இருந்தபொழுது பட்ட பசிக்கு மகன் பிழை செய்தவன் ஆவனோ? நாம் கொண்டுவந்த பகுதி ஒன்று, நாம் செய்துகொள்ளும் பகுதி ஒன்று என இரண்டும் நம் உடம்பில் விரவியுள்ளன. விரவியவற்றைப் பிரித்து இத்துணை ஊழ், இத்துணை பிழை என நிறுத்துச் சொல்ல நம்மிடம் துலாக்கோல் இல்லை.

மூன்றாவதாகவும் ஒரு பகுதி உண்டு. அது சமுதாயம் ஒருவன்மேல் ஏற்றும் சுமை. புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளர், நாளொன்றுக்கு எட்டு மணி வேலை முதலிய உரிமைகளை வேண்டிப் போராடிய காலத்தில், 1936 சூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டிலேயே எட்டு மணி வேலை இங்குச் சட்டமாயிற்று. அவர்கள் கேட்டது ஓய்வு. அவ்வோய்வு உயிர் காப்பது என்பதை அளந்து காட்டப் பின்னும் நெடுங்காலம் சென்றது. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரினும், பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 பங்கும், இருதய நோயால் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 17 பங்கும் மிகுதி என உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் கணக்கிட்டுரைத்தன. இரவெல்லாம் காவல்நின்று, பகலில் வேறு வேலைக்கு ஓடி, கிடைத்ததை உண்டு உழைக்கும் ஒருவனை நோக்கி, 'நேரத்தோடு உறங்கு, காய்கனி உண்' என்று மட்டும் கூறி அமைதல் அறமாகாது. அவ்வாறே, அண்டையிலுள்ள தமிழ்நாட்டினும் மது மலிவாகக் கிடைக்கும் ஊர் என்று நெடுங்காலம் பெயர்பெற்ற புதுவையில், குடித்துக் கெட்டவன் ஒருவனையே பழித்து, அவ்வருவாயால் நடக்கும் பொதுக்காரியங்களை மட்டும் நுகர்தல் நேர்மையாகாது. மது குருதியழுத்தத்தை உயர்த்தும்; இருதயத் தசையைத் தளர்த்தும்; துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். தீங்கற்ற மதுவளவு என ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகக் கூறிற்று. குடிப்பவன் பங்கு பெரிது. விற்பார், விற்கவிடுவார் பங்கும் இல்லையென்னலாகாது.

நோயைப் பாவத்தின் முத்திரையாகக் கொள்ளுதல் சைவர்க்கு எவ்வாற்றானும் தகாது. புதுவைக்குத் தென்மேற்கே கெடிலக்கரையில் உள்ள திருவதிகையில் திருநாவுக்கரசு நாயனார் வரலாறு நிகழ்ந்தது. அவரைப் பற்றிய சூலைநோய் அவரைத் தள்ளிவிடுதற்கு வந்ததன்று, ஆட்கொள்ளுதற்கு வந்தது. நோயால் துடித்து வந்த தம்பியாரைத் திலகவதியம்மையார், 'நீ செய்ததன் பயனை நீ நுகர்' என்று கூறித் திருப்பிவிடவில்லை. திருநீறு தந்து திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயாளியைக் காணச் செல்லும் சைவர்க்கு இவ்வம்மையார் ஒழுகிய ஒழுக்கமே இலக்கணம். நோய் நீங்கிய நாயனாரோ, அதன்பின் ஓய்ந்திருந்தாரல்லர். உழவாரம் ஏந்தித் திருக்கோயில் தோறும் புல்லைச் செதுக்கி, முதுமையளவும் கால்நடையாகவே நாடு முழுதும் சென்றார். உடம்பை மதியாது விடுதலும், உடம்பையே மதித்துக் கிடத்தலும் ஆகிய இரண்டும் இல்லாது, அதனைப் பணிக்கு உரியதாக ஆக்கிய வாழ்வு அது.

நாம் செய்யத்தக்கன யாவை எனின், அவை அரியன அல்ல. சைவ ஒழுக்கத்திற் பல அவற்றோடு ஒத்தே நடக்கின்றன. வைகறையில் எழுதற்கு முன்னிரவில் உறங்குதல் வேண்டும். திருக்கோயிலுக்கு நடந்து சென்று வலம் வருதல் வழிபாடும் ஆம், உடலுக்கு இயக்கமும் ஆம். வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளொன்றுக்கு அரை நாழிகைக்கும் ஒரு நாழிகைக்கும் இடைப்பட்ட பொழுதே அது. மாலை தொடங்கிக் காலை வரை வண்டிகள் விலக்கப்பெறும் கடற்கரைச் சாலை இருக்கும் ஊரில், நடக்க இடமில்லை என்று கூறுதல் எல்லார்க்கும் பொருந்தாது. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராம், அஃதாவது ஒரு சிறு கரண்டியளவு, போதும். ஊறுகாயிலும் அப்பளத்திலும் மறைந்து வருவதும் அக்கணக்கிற் சேரும். இந்தியர் உணவில் ஆற்றலின் நூற்றுக்கு 62 பங்கு அரிசி, கோதுமை, சர்க்கரை முதலிய மாப்பொருளிலிருந்தே வருகின்றது என 2025இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று. சோற்றைக் குறைத்துப் பருப்பும் காயும் கீரையும் மிகுத்தல் இதற்கு மாற்று. புகையிலையை விட்டவர்க்கு, ஓராண்டில், இருதய நோயின் மிகைவாய்ப்புப் பாதியாகக் குறைகின்றது. ஈட்டிய தீவினையை நல்லொழுக்கம் தேய்க்கும் என்பதற்குக் கண்கண்ட சான்று இஃதன்றோ?

ஆயினும் நோன்பு நோற்பார்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டப்படும். பகலெல்லாம் பட்டினி கிடந்து, நோன்பு முடிவில் இனிப்பும் நெய்யும் மிகவுண்டல் நோன்பின் பயனைக் கெடுப்பது. நீரிழிவுக்கு மருந்து உண்பார் மருத்துவரைக் கேளாது பட்டினி கிடப்பின், குருதியிற் சர்க்கரை அளவுக்குக் கீழே தாழ்ந்து மயக்கமுறுதலும், உயிர்க்கு இடர் நேர்தலும் உண்டு. அத்தகையோர் நோன்பைச் சுருக்கிக்கொள்ளுதல் அன்பிற்குக் குறைவாகாது. ஆண்டுக்கொருமுறை சிவராத்திரியில் விழித்தல் வேறு. கைப்பேசியோடு நாடோறும் நள்ளிரவு கடத்தல் வேறு. பின்னதற்குப் புண்ணியமும் இல்லை, உடல்நலமும் இல்லை. திருக்கோயில்களில் அன்னம்பாலிப்பு நடத்தும் செல்வர்கள் இலையில் ஒரு காயும் ஒரு சுண்டலும் கூட்டி, சர்க்கரைப் பொங்கலின் அளவைச் சிறிது குறைப்பாராயின், அதுவும் சிவபுண்ணியமேயாம்.

மூளைநலத்துக்கு இன்னும் ஒன்று சேர்த்துக் கூறல் வேண்டும். மறதிநோயை ஆராய்ந்த லான்செட் குழுவினர் 2024இல், அதற்குரிய 14 ஏதுக்களை நீக்கின் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு அந்நோயைத் தவிர்க்கவோ தாழ்க்கவோ கூடும் என்றனர். குருதியழுத்தம், நீரிழிவு, புகைத்தல் ஆகியவற்றோடு, இளமையிற் கல்வியின்மை, கேள்வி குன்றல், தனிமை என்பனவும் அவற்றுள் அடங்கும். இளமையிற் பெற்ற கல்வியும், முதுமையிற் பெறும் கூட்டுறவும் மூளையைக் காக்கும் என்பது இதனாற் பெறப்படும். அடியார் கூட்டத்தை நாடுதல் உயிர்க்கு நலமென்று நம் நூல்கள் கூறியது, உடம்புக்கும் நலமாதல் காண்க. செவி மந்தமான முதியவரை ஒதுக்கிவைத்துப் பேசுதலை நம் வீடுகளில் விடுதல் வேண்டும். அவர்க்குக் கேட்கும் கருவி வாங்கித் தருதலும், அருகிருந்து பேசுதலும் தானமே.

எனவே, நோய் வருமுன் 'இது நம் கையில் உள்ளது' என்று முயல்க. நோய் வந்தபின் 'இது முழுதும் நம் கையில் இருந்ததன்று' என்று தெளிக. தமக்கு முன்னதை மறவாதும், பிறர்க்குப் பின்னதை மறவாதும் ஒழுகுதல் வேண்டும். நோயுற்றாரிடம் ஊழையும் பேசாது, பிழையையும் பேசாது, 'மருந்துண்டீரா? நாளை நடக்கப் போம்பொழுது உடன் வரட்டுமா?' என்று கேட்பதே செய்யத்தக்கது. இரவலாய்ப் பெற்ற இவ்வுடம்பைத் திருத்தொண்டுக்கு உரியதாய் வைத்திருந்து, தந்தவன் கேட்கும்பொழுது தருக்கின்றித் திருப்பித் தரும் பேற்றை எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருளுவானாக.

திருச்சிற்றம்பலம்.